நைமாவைப் பெண் கேட்டபோது

என் ராத்தா, கூடப்பிறந்த அக்கா, ஆசியா உம்மாவுக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. அவள் புருசன், என் மச்சான், மவுத்தாகி ஆறு வருடம் கடந்திருந்தது. சிட்னி மெரிலேண்ட்ஸில் ஒரு குழந்தைகள் காப்பகத்தின் குசினியில் பகல் முழுக்க நின்று சமைப்பாள். வீட்டுக்கு வந்தாலும் கதிரையில் உட்காரமாட்டாள்; இருந்தால் நினைவு வரும் என்பாள். இப்படிப்பட்டவளைத்தான் 2008 நோன்புப் பெருநாள் கழிந்த கையோடு மளிகைக் கடைக்காரரும் எங்கள் சங்கத்தின் செயலாளருமான மஹ்மூத் பெண் கேட்டார்.

என்னிடம்தான் கேட்டார். அரிசி மூட்டையை என் காரில் ஏற்றிவிட்டு, டிக்கியை மூடாமல் நின்றார். "ரம்லா தங்கச்சி, ராத்தாட்ட ஒருக்காக் கேட்டுப் பாருங்களன். மனிசியும் போயிட்டா, புள்ளையளும் தனித்தனியாப் போயிட்டாங்க. வெறும் வீட்டுக்குள்ள போகவே மனமில்லாமக் கிடக்கு."

எனக்கு ஏற்பட்ட சந்தோசத்தை என்னென்று சொல்ல! நேரே ராத்தா வீட்டுக்கு ஓடினேன். ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசவில்லை. அடுப்பில் கிடந்த கறியைத் தேவையில்லாமல் கிண்டினாள். முகம் சிவந்திருந்தது.

"மார்க்கத்தில தடையில்ல," என்றாள். "சனம் என்ன சொல்லும்?"

"சனமா உனக்குக் காய்ச்சல் வந்தா கஞ்சி காய்ச்சித் தருது?" என்று பாய்ந்தேன். அவளிடம் என் பாய்ச்சல் எப்போது பலித்தது?

ஆனால் அந்தச் சனத்தின் வாயைப் பார்க்க அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். அவளுடைய மகள் ஹபீபா வெள்ளிக்கிழமைதோறும் இணையத்தில் ஒரு படக்கதை போடுவாள். ஆறு பெட்டி, அதற்குள் படமும் பேச்சும். தன் பெயரைப் போடுவதில்லை. குவேக்கர்ஸ் ஹில்லில் வாழும் நைமா என்ற விதவைதான் கதாநாயகி. முதலில் சும்மா அழுதுகொண்டே கிடந்த நைமா, பிறகு கார் ஓடப் பழகினாள், மகனை எதிர்த்துப் பேசினாள், பார்க்கிங் தண்டம் போட்டவனிடம் உடைந்த இங்கிலீசில் சண்டை பிடித்தாள். சிட்னியிலும் மெல்பர்னிலும் நம் ஆட்கள் அவள்மேல் பைத்தியமாக இருந்தார்கள். கீழே ஓடி வந்து கருத்து எழுதுவார்கள். 'நைமா அன்ரி சுப்பர்!'

"நைமாவப் பொம்புள கேட்டு ஒருத்தர் வரட்டும் மகள்," என்றாள் ராத்தா. "சனம் என்ன சொல்லுது பாப்பம். மறுகா நான் பதில் சொல்றன்."

ஹபீபா படம் கீறினாள். ஒரு தாரமிழந்த மனிசன் பழக்கூடையோடு நைமாவின் வாசலில் நிற்கிறார். நைமா கதவை முழுதாகத் திறக்கவுமில்லை, மூடவுமில்லை. அவ்வளவுதான். வெறும் வாயை மென்ற சனத்துக்கு அவல் கிடைத்தது.

'இவ்வளவு நாளும் நைமாவை என் தாய் மாதிரி நினைத்தேன். சீ!' 'கார் ஓடலாம், கலியாணம் முடிக்கக் கூடாது.' 'இந்த வயதில் என்ன கேடு?' இளசுகள் இங்கிலீசில், கதாபாத்திரத்தைக் கெடுத்துவிட்டீர்கள் என்று அழுதார்கள். ஒருவன் இனிமேல் வாசிக்கமாட்டேன் என்று மூன்று தரம் வந்து எழுதினான். அவனுக்கு வேலை வெட்டி ஒன்றும் இல்லைப் போலும்.

ராத்தா வேலையால் வந்து முக்காட்டைக்கூடக் கழற்றாமல் கொம்பியூட்டருக்கு முன்னால் நிற்பாள். "இன்னும் வந்திருக்கா?" என்பாள். குசினிக்குப் போவாள், வருவாள். கழுவின கோப்பையையே திரும்பக் கழுவுவாள். காப்பகத்தில் சூப்புக்கு இரண்டு தரம் உப்புப் போட்டு, பிள்ளைகள் துப்பிவிட்டார்களாம். எனக்கும் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. போனைப் போட்டு, "இப்ப என்னவாம் சொல்றாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். என் புருசன், "உங்களுக்கெல்லாம் விசர்" என்றார். ஓம், பைத்தியம்தான்.

ஒருநாள் மெல்பர்ன் கிரான்பர்னில் இருந்து பவளம் என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். 'நான் நாற்பது வயதில் தனிச்சனான். ஒருத்தரும் என்னைக் கேட்கேல்லை. நைமா, யோசிக்காதே. ஓம் எண்டு சொல்லு.' அதை ஹபீபாவைக் கொண்டு திரும்பத் திரும்ப வாசிக்க வைத்தாள் ராத்தா. பிறகு மூக்கைச் சீந்தி, முந்தானையால் துடைத்தாள்.

"ஏசுறவன் ஏசட்டும்," என்றாள். "ரம்லா, நாளைக்குக் கடைக்குப் போவாய்தானே? நான் ஓம் எண்டு சொன்னதா மஹ்மூத் நானாட்டச் சொல்லு."

அல்ஹம்துலில்லாஹ்! அன்றைக்குப் பெருநாள் இனிப்பு வட்டிலப்பம் செய்யாத குறை.

மறுநாள் காலை புறப்படும்போது ஹபீபா போன் எடுத்தாள். "சாச்சி, கடைக்குப் போகாதீங்க. முதல்ல இங்க வாங்க." குரல் சரியில்லை. போனேன். கொம்பியூட்டரைக் காட்டினாள். புதிதாக ஒரு கருத்து வந்திருந்தது.

'நைமா போன்ற தாய்மார் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு கண்ணியமாக இருப்பதே சமூகத்துக்கு அழகு. இப்படியான கதைகள் நம் பெண்களைக் கெடுக்கும். அல்ஹாஜ் மஹ்மூத், செயலாளர்.'

கீழே சங்கத்தின் பெயரும் முழுதாக இருந்தது. ராத்தா வேலைக்குப் போயிருந்தாள், இன்னும் பார்க்கவில்லை. எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. கடைக்குப் போய் அவர் முன்னால் நின்றேன்.

"நைமாவப் பத்தி எழுதினது நீங்கதானா?"

மனிசன் சிரித்தார். கதையைக் கீறுவது யார் என்று அவருக்கு எங்கே தெரியும்! "ஓ, அதா? கடைக்கு வாற ஆக்களெல்லாம் செயலாளர் என்ன சொல்றார் எண்டு கேட்டாங்க தங்கச்சி. ஒண்டு எழுதத்தானே வேணும்? நம்மட விசயம் வேற. சத்தமில்லாம ஊருக்குப் போய் நிக்காஹ்வ முடிச்சிட்டு வருவம். மறுகா மெல்லமாச் சொல்லிக்கலாம்."

"அப்ப நீங்க கேட்ட பொம்புளயும் கெட்டவளா?"

யாராவது கேட்டுவிட்டார்களா என்று அவர் வாசலைத்தான் பார்த்தார். நான் ஒன்றும் வாங்காமல் வந்துவிட்டேன்.

ராத்தாவிடம் எப்படிச் சொல்வது? மூடி மறைக்க எனக்குத் தெரியாது. வேலையால் வந்ததும் எல்லாவற்றையும் கொட்டினேன். ஹபீபா வாசித்துக் காட்டினாள். ராத்தா கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். அழுதது நான்தான்.

"ஊர் ஏசினது எனக்கு நோகல்ல ரம்லா," என்றாள். "இந்த மனிசன் கேக்காமலே இருந்திருக்கலாம். நான் பாட்டுக்கு இருந்தனே."

கதிரையைக் கொம்பியூட்டர் பக்கம் நகர்த்தினாள். பிறகு, "ஹபீபா, அவர் எழுதினதுக்குக் கீழ நாம எழுத ஏலுமா?" என்றாள்.

"ஏலும் உம்மா."

"எழுது. 'மஹ்மூத் நானா, நீங்கள் போன மாதம் என்னைப் பெண் கேட்டதற்குப் பதில்: வேண்டாம். நீங்களும் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு கண்ணியமாக இருங்கள்.'"

ஹபீபாவின் விரல் நின்றது. "உம்மா, எல்லாருக்கும் விளங்கிப் போயிடும். பேர் போடாம விடவா?"

"ஏன் விடணும்? ஆசியா உம்மா எண்டு போடு," என்றாள் ராத்தா. "மெரிலேண்ட்ஸ் எண்டும் போடு."