முள் சாய்ந்தது என் குற்றமல்ல

அந்தக் கண்ணாடிப் பெட்டி என் இரண்டு உள்ளங்கைகளுக்குள் அடங்கிவிடும். நடுவில் இரண்டாகக் கழற்றலாம். ஆட்டின் பெருங்குடலுக்கு உட்புறம் இருக்கும் மெல்லிய சவ்வை உரித்து, இரண்டு பாதிக்கும் நடுவே சுவர்போல வைத்துத் திருகி மூட வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே உப்புநீர். ஆக்சிஜன் குமிழி குமிழியாக ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்தில் ஒரு மீட்டர். சவ்வு வேலை செய்தால் அதன் முள் எழும்பும். பத்தொன்பது வருடமாக அந்தப் பெட்டியைக் கழுவித் துடைத்து வைக்கிறேன்.

மும்பை செம்பூரில் நான் வேலை பார்க்கும் கல்லூரியில் துறைத் தலைவராக இருந்தவரைப் பெரிய சார் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். மாட்டுங்காக்காரர். போன மாதம் காலமானார். நினைவு மலருக்கு அவரைப் பற்றி நல்லதாக நாலு வரி கேட்டார்கள். நல்லதாக நாலு வரி என்னிடம் இல்லை. இருப்பதை எழுதுகிறேன்.

பாடம் நன்றாக நடத்துவார், அதை மறுக்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எனக்கே புரிந்தது. “ஆடு செத்துடுத்து. ஆனா இந்தச் செல் இன்னும் சாகலை. ரெண்டு பக்கமும் ஒரே உப்பு. இருந்தும் சோடியத்தை இங்கேர்ந்து அங்க தள்ளிண்டே இருக்கு. சும்மா தள்ளுமா? சர்க்கரையை எரிச்சு, அதுல வர சக்தியிலதான் தள்ளறது. காத்தை நிறுத்து, சர்க்கரையை நிறுத்து, முள் படுத்துடும்” என்பார். பிறகு என்னைக் காட்டி, “இவனை மாதிரி இல்லை, சோறு போட்டா உழைக்கும்” என்பார். பிள்ளைகள் சிரிப்பார்கள். நான் குழாயைத் திறந்து எதையாவது கழுவிக்கொண்டிருப்பேன். வருடம் மாறும், பிள்ளைகள் மாறுவார்கள், அந்த வாக்கியம் மட்டும் மாறாது.

குளுக்கோஸ் டப்பாவை அலமாரியில் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். “திறந்து வெச்சா எறும்பு வரும், இவனும் வருவான்” என்று என் முன்னாலேயே சொல்வார். உப்புநீரை நான் கலக்கக் கூடாது. திங்கட்கிழமை அவரே சர்க்கரை போட்டு ஒரு பெரிய பாட்டில் கலந்து வைப்பார். வாரம் முழுவதும் அதுதான். என் வேலை, விடிவதற்குள் சீத்தா கேம்ப்பில் இருக்கும் என் வீட்டிலிருந்து கிளம்பி, தேவனார் அறுப்புக்கூடத்தில் ஆடு அறுபட்டதும் குடலை வாங்கி, ஐஸ் வைத்த ஃபிளாஸ்கில் போட்டு, முதல் பஸ்ஸில் கொண்டுவந்து சேர்ப்பது. வழியில் ஒரு நாள்கூட நின்றதில்லை.

தற்காலிக ஆட்களில் ஒருவரை நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்று தெரிந்த வருடம் அது. வரிசையில் முதல் பெயர் என்னுடையது. அந்த ஜூலையில் விடாத மழை. முள் சரியாக நிற்கவில்லை. சார் ஃபிளாஸ்கைத் தூக்கி ஸிங்கில் கவிழ்த்தார்.

“என்னடா, செத்ததைக் கொண்டுவந்து குடுக்கறே. டீக்கடையில நின்னுண்டு ஊர்க்கதை பேசினியோ?”

“இல்ல சார். அறுத்த சூடு ஆறுததுக்குள்ள ஐஸ்ல போட்டுட்டேன்.”

“ஓஹோ, எனக்கே பாடம் எடுக்கறியா?”

நான் காலி ஃபிளாஸ்கை எடுத்துக் கழுவினேன். அன்றே என் ஃபைலில் சார் எழுதிய ஒரு தாள் சேர்ந்தது: அலட்சியத்தால் கெட்டுப்போன திசுவைக் கொண்டுவருகிறார்.

எனக்குத் தூக்கம் போனது அந்தத் தாளால். கொண்டுவந்தது செத்த சவ்வாக இருந்தால் முள் எழும்பியே இருக்காது. ஆனால் அது காலையில் நன்றாக எழும்பி, அரை மணிக்குப் பிறகுதான் மெல்ல மெல்லச் சாய்ந்தது. செத்தவன் எழுந்து நிற்பதில்லை. பட்டினி கிடப்பவன்தான் எழுந்து நின்று பிறகு சாய்வான். திங்கட்கிழமை சரியாக இருக்கும், வியாழனில் சாயும். சனிக்கிழமை அந்தப் பெரிய பாட்டிலைக் கழுவும்போது அடியில் வழுவழு என்று கை வழுக்கும். மழைக்காலத்துப் புழுக்கத்தில் வெளியிலேயே வைத்த தண்ணீர். சவ்வுக்குப் போட்ட சர்க்கரையைக் கிருமி தின்றுவிடுகிறது.

ஆராய்ச்சி மாணவி ஒருத்தி இருந்தாள், செம்பூர்த் தமிழ்ப் பெண். அவளிடம் மட்டும் சொன்னேன்.

“அண்ணா, இத ஏன் சார்கிட்ட சொல்லல?”

“நீ சொல்லு தாயி. நான் சொன்னா எறும்பு பேசுதுன்னுவாரு.”

அவள் சிரித்தாள். “ஏக்தம் கரெக்ட், ரொம்பச் சரி” என்று சொல்லி, வெளியிலிருந்து புது குளுக்கோஸ் வாங்கி வந்தாள். வியாழக்கிழமை, முள் சாய்ந்து கிடந்தபோது பெட்டியில் கொஞ்சம் விட்டாள். நாங்கள் இருவரும் நாற்காலியில்கூட உட்காரவில்லை. கால்மணி நேரத்தில் முள் எழும்பியது. நான் கொண்டுவந்த அதே குடல்தான்.

சார் வந்து பார்த்தார். பாட்டிலில் சர்க்கரை தீர்ந்துபோவதை அவள் சொன்னாள். பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். “இனிமே தினமும் புதுசா கலக்கணும்” என்றார். அடுத்த வாரம் அதையே பாடமாக நடத்தினார், தானே கண்டுபிடித்ததாக. நான் அவர் அறைக்குப் போனேன். அவரிடம் நானாகப் போய் நின்றது அந்த ஒரு தடவைதான்.

“சார், அந்தத் தாள எடுத்துருங்க சார்.”

“எந்தத் தாள்? அதுவா. அதை யாரு படிக்கப் போறா. போய் வேலையைப் பாரு.”

படித்தார்கள். நிரந்தரமாக்க ஆள் எடுக்கும் கமிட்டியில் ஒருவர் அதை என் முன்னாலேயே சத்தமாகப் படித்தார். சார் பக்கத்தில் உட்கார்ந்து பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை போதும். சொல்லவில்லை. எனக்கு அடுத்த பெயர்க்காரர் நிரந்தரமானார். நான் இன்றும் வருடத்துக்கொரு முறை கையெழுத்துப் போட்டுப் புதுப்பிக்கப்படுகிறேன். மறதியால் விட்டுவிட்டார் என்று சிலர் சொல்கிறார்கள். சாவியை ஒரு நாளும் மறக்காத மனிதர் அவர்.

இரங்கல் கூட்டத்தன்று இப்போதைய தலைவர் மேடம் மாலையை என் கையில் கொடுக்க வந்தார். “நீங்கதான அண்ணா அவர்கூட ரொம்ப வருஷம் இருந்தீங்க” என்றார். நான் அந்தத் தாளைப் பற்றிக் கேட்டேன். மேடம் நல்லவர், முகம் சுருங்கிவிட்டது. “எழுதினவரே வாபஸ் வாங்குனாதான் எடுக்க முடியும்ணா. ரூல் அப்படி.” எழுதியவர் படத்தில் சிரித்துக்கொண்டிருந்தார். மாலையை வேறு யாரிடமாவது கொடுக்கச் சொன்னேன்.

இதை மலரில் போடுவார்களோ மாட்டார்களோ. ஒரு பிரதியை என் ஃபைலில், அந்தத் தாளுக்கு மேலே வைக்கும்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன். எழுதியவர்தான் எடுக்க முடியும் என்றால், இதை எழுதியவன் நான். எடுக்க மாட்டேன்.