புளத்கொகுபிட்டியவில் நான் எழும்பாத தஹஜ்ஜுத்

கடந்த டிசம்பர் விடுமுறையில் புளத்கொகுபிட்டியவுக்குப் போய் இரண்டு இரவு தங்கி வந்தேன். போகக் காரணம் இந்த இணையப் பக்கத்தின் வாசகிகள்தான். பயணத்தில் பின்னிரவுத் தொழுகையான தஹஜ்ஜுத் தொழ முடியுமா, தெரியாத வீட்டில் எப்படி எழும்புவது, தொழுமுன் கைகால் கழுவும் வுழூவுக்கு என்ன செய்வது என்று பலர் கேட்டிருந்தீர்கள். நானும் பெரிய அனுபவசாலி போல, "போய்ப் பார்த்து எழுதுகிறேன்" என்று சொல்லி வைத்திருந்தேன். எழுத இத்தனை நாள் ஆனது வேலை மிகுதியால் அல்ல. வெட்கத்தால்.

என்னோடு ஒரே பாடசாலையில் படிப்பிக்கும் யோகேஸ்வரியின் அண்ணன் குடும்பம் அங்கே ஓர் இறப்பர் தோட்டத்தில் இருக்கிறது. யோகா விடுமுறைக்கு அங்கே போவதாகச் சொன்னதும் நானும் தொற்றிக்கொண்டேன். மாவனல்லையில் காலை 8.10க்கு பஸ் ஏறினோம். கேகாலைக்குப் பன்னிரண்டு கிலோமீற்றர், அரை மணி நேரம். அங்கிருந்து 9.15க்குப் புளத்கொகுபிட்டிய பஸ். ஆளுக்கு நூற்றுப் பத்து ரூபாய், ஒரு மணி பத்து நிமிடம். இடப்பக்க ஜன்னலில் உட்காராதீர்கள், வெயில் முகத்திலேயே அடிக்கும். டவுனில் இருந்து தோட்டத்துக்கு ஐந்து கிலோமீற்றர். முச்சக்கர வண்டிக்காரர் ஆயிரம் கேட்டார். யோகா சிங்களத்தில் சிரித்துப் பேசி எழுநூறுக்கு இறக்கினாள். கடைசி ஒரு கிலோமீற்றர் கல்ரோடு, பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

யோகாவின் அண்ணி ராணிக்கு என் வயதுதான் இருக்கும், முப்பத்தைந்து. கணவனும் மனைவியும் தோட்டத்தில் இறப்பர் பால் வெட்டுகிறார்கள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் பக்கத்தில் கட்டிய இரண்டு அறை வீடு. முன்னறையையும் வீட்டில் இருந்த ஒரே கட்டிலையும் எனக்குக் கொடுத்துவிட்டார்கள். யோகாவும் பிள்ளைகளும் ராணியும் கணவரும் உள்ளறையில் நெருங்கிப் படுத்துக்கொண்டார்கள்.

இரவுச் சாப்பாட்டின்போது, எதற்காக வந்தேன் என்று ராணி கேட்டார். நான் விளக்கினேன். சும்மா விளக்கவில்லை, வகுப்பே எடுத்தேன். கடமையான ஐந்து தொழுகைகளுக்குப் பிறகு மிகச் சிறந்தது இரவில் தொழுவது. இரவுக் கடமையான இஷா தொழுது, கொஞ்சம் தூங்கி எழும்ப வேண்டும். அந்தி மஃரிபில் இருந்து அதிகாலை சுபஹ் வரையுள்ள நேரத்தை மூன்றாகப் பிரித்தால் கடைசிப் பங்குதான் ஆகச் சிறந்தது. டிசம்பரில் நம் பக்கத்தில் அது ஒன்றேகால் மணிக்குப் பிறகு. கேட்பவர் உண்டா, கொடுக்கிறேன் என்று இறைவன் அழைக்கும் நேரம் அது. முதலில் சுருக்கமாக இரண்டு ரக்அத், அதாவது இரண்டு சுற்று, பிறகு இரண்டிரண்டாக முடிந்த அளவு, கடைசியில் ஒற்றைப்படையாக வித்ரு. இஷாவோடு வித்ரைத் தொழுதவர் திரும்பத் தொழ வேண்டியதில்லை. குர்ஆனின் பெரிய சூராக்கள் பாடமில்லாவிட்டாலும் பரவாயில்லை, தெரிந்ததை நிதானமாக ஓதினால் போதும்.

ராணி கையைக் கழுவாமல் கேட்டுக்கொண்டிருந்தார். "எந்தப் பக்கம் பாத்துத் தொழுவீங்க டீச்சர்?" என்றார். மேற்கே, கொஞ்சம் வடக்குச் சாய்ந்து என்று காட்டினேன். அந்தச் சுவரோடு துணி அலுமாரி நின்றது. அவரும் கணவரும் எழுந்து போய் அதைத் தள்ளி இடம் பண்ணினார்கள்.

"எத்தன மணிக்குங்க எந்திரிக்கணும்?"

"மூன்றரைக்கு. என்னிடம் அலாரம் இருக்கு ராணி."

"அலாரத்த நம்பாதீங்க. நான் நாலு மணிக்கு எந்திரிக்கிறவதானே. அர மணி முந்தி எந்திரிச்சா என்னா கொறஞ்சிறப் போகுது? நான் எழுப்பிவிடுறேன்."

நானும் சரி என்றேன். நிம்மதியாக அலாரத்தை நிறுத்திவிட்டுப் படுத்தேன்.

கதவு தட்டப்பட்டது. போனைப் பார்த்தேன், 3.32. பெரிய குளிர் என்று சொல்ல முடியாது. நுவரெலியாவில் இதைவிட இரண்டு மடங்கு குளிரில் எழும்பியிருக்கிறேன். ஆனால் போர்வை சூடாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் கிடந்தேன். "டீச்சர்" என்று மெல்லிய குரல். கொஞ்ச நேரம் கழித்து இரண்டாம் முறை தட்டினார். அடுப்பில் விறகு முறிகிற சத்தம் கேட்டது. மூன்றாவது தடவை தட்டிவிட்டு, "சுடுதண்ணி வச்சிருக்கேன் டீச்சர்" என்றார். நான் மூச்சைக்கூடத் தூங்குகிறவள் மாதிரி இழுத்து விட்டேன். உள்ளே கணவர் என்னவோ கேட்டார். "பாவம், பஸ்ஸுல வந்த களைப்பு" என்று ராணி சொல்வது கேட்டது.

அந்த வீட்டில் குழாய் இல்லை. கீழே மலை ஊற்று விழும் பீலியில் இருந்துதான் தண்ணீர் சுமக்க வேண்டும். இருட்டில் இறங்கி எனக்காக ஒரு குடம் கொண்டுவந்து, காய வைத்து, கதவுக்கு வெளியே காத்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

சுபஹுக்கு எழும்பி வெளியே வந்தேன். ராணி வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஓடி வந்தார்.

"மன்னிச்சிருங்க டீச்சர். புள்ளைங்க எந்திரிச்சிருவாங்கன்னு மெதுவா தட்டிட்டேன். இன்னும் கொஞ்சம் பலமா தட்டியிருக்கணும். என்னால ஒங்க தொழுக போயிருச்சே."

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல தருணம் கிடைக்காது. நான் சொன்னது இது: "பரவாயில்லை ராணி, விடுங்க."

மன்னித்துவிட்டேன்! அவர் செய்யாத தவறுக்கு, பெருந்தன்மையாக.

அதோடு நிற்கவும் இல்லை. வாசலில் பனிமூட்டத்தைப் படமெடுத்து, "முதல் இரவு. அல்ஹம்துலில்லாஹ்" என்று இந்தப் பக்கத்தில் போட்டேன். தொழுதேன் என்று எழுதவில்லைதான். ஆனால் நீங்கள் அப்படித்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்று தெரிந்தே போட்டேன். எனக்காக துஆ செய்தவர்களிடம் இப்போது சொல்கிறேன், அன்று நான் தொழவில்லை.

மாலை நாலு மணிக்கு, பிள்ளைகளுக்கு பிஸ்கட் வாங்க டவுனுக்கு இறங்கினேன். சந்தியில் நம் ஆள் ஒருவரின் பலசரக்குக் கடை. என் முக்காட்டைப் பார்த்ததும் கடைக்கார நானா விசாரித்தார்.

"ராணிட வீட்டுக்கு வந்திருக்கிற டீச்சர் நீங்களா? மத்தியானம் பாலை நிறுத்துக் குடுத்திட்டு இங்க வந்தாங்க. தொழுகைக்கு எழுப்பச் சொன்ன ஆள ஒழுங்கா எழுப்பாம உட்டா தனக்குப் பாவம் சேருமாண்டு கேட்டாங்க. முகமே சரியில்ல."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"யோசிக்க வேணாண்டு சொன்னேன். எழும்பணும்டு நிய்யத் வெச்சிப் படுத்து, தூக்கம் மிஞ்சிப் போனா, அந்த ஆளுக்குத் தொழுத நன்மை கெடைக்கும், தூக்கம் அல்லாஹ் தர்மமாக் குடுத்த சதக்காண்டு சொன்னேன். எழுப்ப வந்தவங்க மேல என்ன குத்தம்? சரிதானே டீச்சர்?"

"சரிதான் நானா."

சரிதான். நபிகளின் அந்த ஹதீஸை நானே இந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். ஆனால் அது தூக்கம் மிஞ்சியவருக்கு. தூங்குவது போல் நடித்தவளுக்கு அதில் இடமில்லை. மலையில் நின்று பால் வெட்டிய ஒரு பெண், வேற்று மதத்துத் தொழுகை ஒன்றைக் கெடுத்துவிட்டோமோ என்று அன்று முழுக்கப் பயந்திருக்கிறார். பிஸ்கட்டை வாங்கிக்கொண்டு ஐந்து கிலோமீற்றரும் நடந்தே ஏறினேன். ஒன்றேகால் மணி நேரம் பிடித்தது.

யோகா பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தாள். ராணி குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"ராணி, ராத்திரி நீங்க தட்டினது எனக்குக் கேட்டது. நான் முழிச்சுத்தான் இருந்தேன்."

துருவும் கை நின்றது. "மூணு வாட்டியுமா?"

"மூணு வாட்டியும்."

"ஏன் டீச்சர்?"

"எழும்பச் சோம்பலா இருந்தது."

துருவிய தேங்காயை ஒரு பக்கமாக ஒதுக்கினார். பிறகு, "முடியலன்னு ஒரு சத்தம் குடுத்திருந்தா நானும் போய்ப் படுத்திருப்பேனே" என்றார். திரும்பவும் துருவத் தொடங்கினார். நான் பஸ் களைப்பைச் சொன்னேன், புது இடம் என்று சொன்னேன், இன்றைக்கு நானே எழும்பிக்கொள்வேன் என்று சொன்னேன். எல்லாவற்றுக்கும் "சரிங்க" என்ற ஒரே பதில்தான்.

அன்று அலாரத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தேன். 3.20க்கு எழும்பி, போன் வெளிச்சத்தில் பீலிக்கு இறங்கினேன். முப்பத்தாறு படி, ஈரம், வழுக்கும். பச்சைத் தண்ணீரில் வுழூ செய்துகொண்டு வந்து, அலுமாரியைத் தள்ளிப் பண்ணித் தந்த இடத்தில் நின்றேன். இரண்டு, இரண்டு, இரண்டு, கடைசியில் வித்ரு மூன்று. மனப்பாடமாக வைத்திருந்த துஆக்கள் ஒன்றும் வாயில் வரவில்லை. தவ்பா என்ற பாவமன்னிப்பை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டேன். நிமிர்ந்தபோது குசினியில் விளக்கு எரிந்தது.

ராணி எனக்கும் ஒரு கோப்பை தேத்தண்ணி ஊற்றினார்.

"கடைசியா ரொம்ப நேரம் கைய ஏந்திக்கிட்டு இருந்தீங்களே, என்னா கேட்டீங்க?"

"மன்னிப்புக் கேட்டேன்."

"சாமிகிட்ட கேட்டீங்க." கோப்பையை என் கையில் தந்தார். "என்கிட்ட கேக்கலயே டீச்சர்."

குரலில் கோபம் இல்லை. நான் யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். முந்தின மாலை அத்தனை காரணம் சொன்னேன், அந்த ஒரு சொல்லைச் சொல்லவில்லை. ஒரு தவறும் செய்யாத அவர் முந்தின நாள் காலையில் முதல் வார்த்தையாக அதைத்தான் சொல்லியிருந்தார்.

"மன்னிச்சிருங்க ராணி."

"சரிங்க. குடிங்க, ஆறிப்போகும்."

ஐந்தரைக்கு அவர் வேலைக்குப் போனார். நாங்கள் 8.40 பஸ்ஸுக்கு இறங்கினோம்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். அந்தப் பக்கம் பின்னேரம் ஐந்துக்குப் பிறகு கேகாலை பஸ் குறைவு, முன்னமே விசாரித்துக்கொள்ளுங்கள். டோர்ச்சும் இறப்பர் செருப்பும் கட்டாயம். தங்கும் வீட்டில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பகலிலேயே பார்த்து, வுழூவுக்கான தண்ணீரை நீங்களே கொண்டுவந்து வைத்துக்கொள்ளுங்கள். கடமையல்லாத நஃபிலான தொழுகைக்காக இன்னொருவரின் தூக்கத்தைக் கேட்காதீர்கள். கேட்டுவிட்டால் எழும்புங்கள். முடியாவிட்டால், முடியவில்லை என்று கதவுக்கு உள்ளிருந்தே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. தஹஜ்ஜுதுக்கு முன் என்னென்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். அன்று யாரையாவது நோகடித்திருந்தால், படுக்கப் போகுமுன் அவரிடம் போய் மன்னிப்புக் கேளுங்கள். வுழூ, தொழுகை, துஆ எல்லாம் அதற்குப் பிறகு. நான் எல்லாவற்றையும் முடித்துவிட்டு, அவர் கேட்ட பிறகுதான், கையில் அவர் தந்த தேத்தண்ணியோடு அதைச் சொன்னேன்.