பெரிய டயர் போட்ட இரண்டு ஜீப்புகள்

அந்தோனிப்பிள்ளை பாஸ் இறந்த செய்தி வந்தபோது நான் ஒரு ஜீப்பின் அடியில் மல்லாந்து கிடந்தேன். அவருடைய மகன் ரொஷான் கராஜ் வாசலில் நின்று, "அங்கிள், அப்பா விடிய தவறிட்டார்" என்றான். "ஓம், வாறன்" என்று சொல்லி, இறுக்கிக்கொண்டிருந்த நட்டை இறுக்கி முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரும்படி பிறகு அவன் கேட்டான். யோசிக்காமல் சம்மதித்தேன்.

அவரைத் தெரிந்த நீங்கள்தான் இதை வாசிக்கப்போகிறீர்கள். கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரே கூரையின் கீழ் அவரும் நானும் இருபத்தாறு வருடம் பழைய ஜீப்புகளுக்குப் பெரிய டயர் பூட்டினோம். இந்தத் தொழிலின் முழுத் தொல்லையும் ஒன்றுதான். பழைய ஜீப்பின் மட்கார்ட் சின்னச் சில்லுக்கென்று செய்தது. பெரிய டயர் போட்டால் நேர் ரோட்டில் ஒன்றும் தெரியாது. ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பும்போது டயரின் தோள் மட்கார்ட் தகரத்தில் உரசும். உரசிய டயர் என்றோ ஒரு நாள் கிழியும். பாஸ் டயரில் ஈரச் சுண்ணாம்பு பூசுவார், ஜீப் நிறைய ஆள் ஏற்றுவார், இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்புவார். தகரத்தில் எங்கே வெள்ளை ஒட்டுகிறதோ அங்கே வெட்டுவார். "வெறும் ஜீப் எல்லாம் நல்ல ஜீப்தான். ஆள் ஏறினாப் பிறகுதான் அதுட குணம் தெரியும்" என்பார்.

நாக்கு அவருக்குக் கத்தி. ஒரு வங்கி அதிகாரி ஆசையோடு வந்து, இருப்பதிலேயே பெரிய டயரைக் கேட்டார். பாஸ் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஐயா காட்டுக்குப் போறீங்களா, காலிமுகக் கடற்கரைக்கு இறால் வடை தின்னப் போறீங்களா?" என்றார். மனைவிக்கு முன்னால் அந்த மனிதரின் முகம் செத்துப்போனது. நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன் என்பதை மறைக்கவில்லை.

அவருடைய சொந்தப் பச்சை ஜீப்பை அறியாதவர் கொட்டாஞ்சேனையில் இல்லை. இவ்வளவு பெரிய டயர், ஒரு விரல் தகரம்கூட வெட்டவில்லை, உரசலும் இல்லை. அதன் வேலையை வீட்டு முற்றத்திலேயே செய்வார். கராஜுக்குள் விடமாட்டார், ஓட்டவும் ஒருவருக்கும் கொடுக்கமாட்டார். எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டால், "அதுக்குக் கை சுத்தம் வேணும். உனக்கு அது இல்ல" என்பார்.

நான் கராஜுக்கு வந்து நாலாவது வருடம் எனக்கு ரெஜினாவைப் பேசி முடித்திருந்தார்கள். அவளுடைய தகப்பன் வத்தளைக்காரர். அவரிடமும் ஒரு பழைய ஜீப் இருந்தது. பாஸின் ஜீப்பைப் பார்த்துவிட்டு, "தம்பி, எனக்கும் அப்பிடிச் செய்து தரவேணும். தகரத்தில கை வைக்கப்படாது" என்றார். "செய்யலாம் மாமா" என்று வாய் விட்டேன். இரண்டு நாள் முட்டி மோதினேன். ஸ்பிரிங்கை உயர்த்தியும் உரசியது. கடைசியில் கள்ள வேலை செய்தேன். சில்லு அளவுக்கு மேல் திரும்பாமல் தடுக்க முன் அச்சில் இரு பக்கமும் ஒவ்வொரு போல்ட் உண்டு. அதை வெளியே நீட்டி வைத்தால் சில்லு பாதியிலேயே நின்றுவிடும், தகரத்தைத் தொடாது. ஆனால் கூர்வளைவில் ஜீப்பும் திரும்பாது. மாமா எங்கே மலையேறப் போகிறார், வத்தளையிலிருந்து கோயிலுக்குத்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஞாயிறு பூசை முடிந்து குடும்பமாக ஜீப்பை எடுக்க வந்தார்கள். ரெஜினா மஞ்சள் சேலை உடுத்தியிருந்தாள். கூப்பிடாமலே பாஸ் வந்தார். எல்லோரையும் உள்ளே ஏற்றி, ஸ்டியரிங்கைத் திருப்பினார். உரசவில்லை. எனக்கு மூச்சு வந்தது. பிறகு அவர் இறங்கி, வெள்ளைக் களிசானோடு மண்டியிட்டு, வேறெங்கும் பார்க்காமல் ஸ்பானரை நேரே அந்த போல்ட்டில் வைத்தார்.

"ஐயா, இங்க வந்து பாருங்க. இவன் டயர் பூட்டேல்ல, சில்லைக் கட்டிப்போட்டிருக்கிறான். உங்கட மகளை ஏத்திக்கொண்டு மலை ரோட்டுக்குப் போனா இது திரும்பாது. இதை மறைச்சவன் வேற எதைத்தான் மறைக்கமாட்டான்?"

ரெஜினா போல்ட்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். புதன்கிழமை தரகர் வந்து, சம்பந்தம் சரிவராது என்று சொல்லிவிட்டுத் தேநீர்கூடக் குடிக்காமல் போனார். அதற்குப் பிறகு நான் கலியாணம் செய்யவில்லை.

"தனியச் சொல்லியிருக்கலாம்தானே, பாஸ்?" என்று ஒரு முறை கேட்டேன். சோற்றுப் பார்சலிலிருந்து தலை நிமிர்த்தாமல், "தனியச் சொன்னா நீ போல்ட்ட மட்டும்தான் திருத்தியிருப்பாய்" என்றார். மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார்.

இருபத்திரண்டு வருடம் அந்த மனிதரை வெறுத்தேன். அதைவிட வெட்கமான விஷயம், அவரை நம்பினேன். நேர்மையாகச் செய்ய ஒரு வழி இருக்கிறது, எனக்குத்தான் கை வரவில்லை என்று நினைத்தேன். பச்சை ஜீப் தெருவில் போகும்போதெல்லாம் நான் வேலையை விட்டுவிட்டு அதைப் பார்ப்பேன். ரெஜினாவை இழந்தது எனக்கு வேண்டியதுதான் என்றும் நினைத்துக்கொள்வேன்.

அடக்கத்தன்று அந்த ஜீப்பின் சாவியை ரொஷான் என் கையில் தந்தான். "அப்பாட ஜீப்ப நீங்களே ஓட்டுங்க அங்கிள். வேற ஆருக்கும் சரிவராது." மலர்வளையங்களும் நான்கு பெண்களுமாகப் பிரேத வண்டிக்குப் பின்னால் பொரளைக் கனத்தை மயானத்துக்குப் புறப்பட்டேன். பாஸ் எப்போதும் தன் வீட்டுக் குறுகிய ஒழுங்கையின் மேல் பக்கத்தால்தான் போவார். அன்று அங்கே பந்தல் போட்டிருந்ததால் கீழ்ப் பக்கத்து மூலையால் திரும்பவேண்டியிருந்தது. ஸ்டியரிங் பாதியில் நின்றுவிட்டது. பின்னுக்கு எடுத்தேன், மறுபடி திருப்பினேன், மறுபடி நின்றது. பிரேத வண்டி போய்விட்டது. பின்னால் ஆட்டோக்கள் ஹோர்ன் அடித்தன. இறங்கி மண்டியிட்டுப் பார்த்தேன்.

இரண்டு பக்கமும் போல்ட் வெளியே நீண்டிருந்தது. நான் நீட்டியதைவிட இரண்டு சுற்று அதிகம். மேலே பூசிய பச்சைப் பெயின்ட் வருடக்கணக்காய் வெடித்துக் கிடந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய ஸ்பானர் ஏன் நேரே அங்கே போனது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. நடுத்தெருவில் குந்தியிருந்து சிரித்தேன். துக்கம் தாங்காமல் என்று நினைத்து ஒரு பெண் என் முதுகைத் தடவிவிட்டார். பிறகு உண்மையிலேயே அழுதேன், அவருக்காக அல்ல. போய்க் கழுத்தைப் பிடித்து உலுப்பிக் கேட்க ஆள் இல்லையே என்று அழுதேன்.

கனத்தையில் ரொஷான், "ஏன் அங்கிள் சுணங்கினீங்க, ஜீப்பில ஏதும் பிழையா?" என்று கேட்டான்.

"ஒண்டுமில்ல மகன், ஒழுங்கை ஒடுக்கம்" என்றேன்.

ரொஷான், அன்று உனக்குச் சொன்னது பொய். அந்த ஜீப்பில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மலைப்பக்கம் போகாதே. கராஜுக்குக் கொண்டுவா, போல்ட்டை உள்ளே இறக்கி, வெட்டவேண்டிய தகரத்தை நானே வெட்டித் தருகிறேன். இதை அச்சடிப்பதும் விடுவதும் உன் விருப்பம். அச்சடித்தால் உன் அம்மா வாசிப்பார், பூசைக்கு வரும் அத்தனை பேரும் வாசிப்பார்கள். உன்னை ஒரு பக்கம் கூப்பிட்டுக் காதோடு சொல்லியிருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை. என் தொழிலை நான் வேறு ஆட்களிடமும் கற்றேன். நாலு பேர் முன்னால் சொல்லும் இந்தக் கொடுமை ஒன்றுதான் அவரிடமிருந்து மட்டும் எடுத்துக்கொண்டது, அதை நான் வைத்திருக்கிறேன்.