ஓடாத காருக்கு வந்துபோனவர்

1992இல் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் மருந்துபோலச் சிறு போத்தல்களில் விற்றது. கார் வைத்திருந்தவர்கள் அதில் நாலு சொட்டு விட்டு எஞ்சினை எழுப்பி, மிச்சத் தூரத்தை மண்ணெண்ணெயில் ஓடினார்கள். பின்னால் சைக்கிளில் போனவர்கள் இருமிக்கொண்டு போனார்கள். எஞ்சினியர் பஞ்சலிங்கம், மணிக்கு நூற்றிருபது மைல் போகக்கூடிய தன் காரைத் திருத்துவதற்குத் தேர்ந்தெடுத்த வருடம் அதுதான். அவசரம் என்று சொல்ல முடியாது. குடாநாட்டில் அந்த வேகத்தில் எந்தப் பக்கம் போனாலும் கால்மணித்தியாலத்தில் கடல் வந்துவிடும்.

இங்கிலாந்தில் நாலு வருடம் இருந்துவிட்டு, காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை வேலைக்குத் திரும்பியபோது கப்பலில் கொண்டுவந்த இரண்டு கதவுக் கார் அது. அதன் எஞ்சினில் ரேர்போ என்று ஒரு சாமான் இருந்தது. வெளியே போகிற புகை ஒரு சின்னச் சில்லைச் சுழற்றும். அந்தச் சில்லு காற்றை அள்ளி எஞ்சினுக்குள் திணிக்கும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்று. அது கேட்பது ஒரேயொரு மரியாதைதான்: ஓடிவந்து நின்றவுடன் எஞ்சினை நிற்பாட்டக் கூடாது. இரண்டு நிமிடம் சும்மா ஓடவிட்டு, சூடு தணிந்த பிறகே நிற்பாட்டவேண்டும்.

பிறகு வீதிக்கு வீதி சோதனைச் சாவடி வந்தது. துவக்கோடு நிற்கிற பையனிடம், “இரண்டு நிமிடம் பொறு தம்பி, எண்ணெய் கருகிவிடும்” என்று சொல்லுமளவுக்குப் பஞ்சலிங்கத்துக்குச் சிங்களம் வராது. வந்திருந்தாலும் சொல்லியிருக்கமாட்டார். நிற்பாட்டு என்றார்கள், நிற்பாட்டினார். தொழிற்சாலையிலிருந்து பட்டினத்துக்கு வர ஐந்து சாவடி. ஒரே வருடத்தில் ரேர்போவின் சில்லைத் தாங்குகிற பெயரிங்கில் எண்ணெய் கரியாகி, அது ஊளையிட்டு இறுகிப்போனது. ஒரு சன்னமும் படாமல் அந்தக் கார் போரில் செத்தது.

தொண்ணூறில் தொழிற்சாலை மூடி, ஊரும் வெறுமையாகி, பஞ்சலிங்கம் கொக்குவிலில் ஒன்றுவிட்ட தங்கை வீட்டு முன்னறைக்கு வந்து சேர்ந்தார். மனைவி ஞானாம்பிகை அதற்கு முன்னரே காலமாகியிருந்தார். ஒரே மகள் லண்டனில். இடம்பெயரும்போது மற்றவர்கள் பசுவையும் தையல் மெசினையும் கொண்டுவந்தார்கள். இவர் உழவு இயந்திரத்தில் கயிறு கட்டிக் காரை இழுத்துவந்தார். பட்டினத்தில் ஒரு கராச்சும் அதைத் தொட ஒப்பவில்லை. குருநகரில் எங்கள் அடுத்த வளவில் இருந்த நீக்கிலாப்பிள்ளையிடம் போகச் சொன்னார்கள்.

நீக்கிலாப்பிள்ளை படகு எஞ்சின் திருத்துகிறவர். கடலில் தொழிலுக்குத் தடை வந்தபின் அவருக்கும் தொழில் இல்லை. மனைவி மக்டலீன் இரண்டு பெண்பிள்ளைகளோடு வள்ளமேறி இந்தியாவில் மண்டபம் அகதி முகாமுக்குப் போய்விட்டாள். வீட்டையும் லேத்தையும் பார்க்க ஆள் வேண்டுமென்று இவர் நின்றார். வீட்டின் பாதிக் கூரையை ஷெல் கொண்டுபோயிருந்தது. லேத்துக்கு மின்சாரம் இல்லை. அவற்றைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரேர்போ தெரியுமோ காணும்?” என்று கேட்டார் பஞ்சலிங்கம்.

“ஒரு றோலர்ப் படகிலை கண்டிருக்கிறன் ஐயா. அது டீசல். இவர் என்ன குடிக்கிறவர்?”

“முதல்தரப் பெற்றோல்.”

“அப்ப முதல்லை ஆளின்ரை பழக்கத்தை மாத்தவேணும்.”

மண்ணெண்ணெயில் ஓடினால் எஞ்சின் தட்டும். தட்டாமலிருக்க, செப்புத் தகட்டை வெட்டி எஞ்சின் மூடிக்கடியில் தடித்த கஸ்கற் போட்டு அமுக்கத்தைக் குறைத்தார். பழைய ஒஸ்ரின் கார் ஒன்றின் காபரேற்றரைப் பொருத்தினார். எழுப்புவதற்கான பெற்றோல் சொட்ட, ஆஸ்பத்திரிச் சேலைன் குழாயைக் கட்டித் தொங்கவிட்டார். பெயரிங்தான் பெரும்பாடு. படகின் புறொப்பெல்லர் தண்டிலிருந்து கழற்றிய வெண்கலப் புஷ்ஷை, தண்ணீர் இறைக்கும் மெசினோடு லேத்துக்குப் பெல்ற் போட்டுக் கடைந்தார். ஒன்பது புஷ் பழுதாகிப் பத்தாவது சரிவந்தது.

பஞ்சலிங்கம் தினமும் நாலு மணிக்குச் சைக்கிளில் வந்தார். முதல் மாதம் தன் தேநீரைத் தானே பிளாஸ்க்கில் கொண்டுவந்தார். குருநகர் வீட்டில் தண்ணீர்வென்னீர் குடிக்கிற வழக்கம் அவருடைய ஆட்களுக்கு இல்லை. அதைப் பற்றிக் கதைக்கிற வழக்கமும் இல்லை. இரண்டாம் மாதம் பிளாஸ்க் உடைந்தது என்றார். அதன்பிறகு நீக்கிலாப்பிள்ளை ஊற்றிய வெறுந்தேத்தண்ணியைப் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தார். அதைப் பற்றியும் இருவரும் கதைக்கவில்லை.

கதைத்ததெல்லாம் எஞ்சின்தான். ஆனால் எஞ்சினுக்குள் நிறைய இடம் இருந்தது. “இண்டைக்கு ஏன் நட்டு இறுகேல்லை? மண்டபத்தாலை கடிதம் வரேல்லையோ?” என்பார் பஞ்சலிங்கம். “ஐயா இண்டைக்கு வந்த வரத்தே சரியில்லை. செயினுக்கு எண்ணெய் விடேல்லையோ, தங்கச்சியார் ஏதும் சொன்னவவோ?” என்பார் மற்றவர்.

ஆவணியில் வேலை முடிந்தது. சேலைன் குழாய் சொட்ட, எஞ்சின் ஒரு தரம் கனைத்து, எழும்பி, சீராக நின்றது. காலை அழுத்தினால் ரேர்போவின் மெல்லிய விசில். அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டு இருவரில் ஒருவராவது சிரித்திருக்கவேண்டும். சிரிக்கவில்லை. நாளைக்கு நாலு மணிக்கு வருவதற்கு ஒரு காரணமும் இல்லை என்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கிவிட்டது.

பஞ்சலிங்கம் தலையைச் சரித்தார். “ஒரு சின்னச் சத்தம் கேக்குதல்லோ?”

நீக்கிலாப்பிள்ளைக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்கிறது என்று அவர் சொல்லவுமில்லை. “கழட்டிப் பாப்பம் ஐயா,” என்றார். அது பொய்யல்ல.

எட்டு மாதம் கழற்றிப் பார்த்தார்கள். கழற்றுவதும் துடைப்பதும் பூட்டுவதும் எழுப்புவதும், பிறகு பஞ்சலிங்கத்துக்கு இன்னொரு சத்தம் கேட்பதும். வேலிக்கு மேலால் கனிசியஸ் என்ற வலைக்காரர் எட்டிப் பார்த்துப் பகிடி விட்டார்.

“நீக்கிலா அண்ணை, உது நல்லா ஓடுதெல்லே? பிறகேன் வயித்தைக் கிழிக்கிறாய்?”

“ஐயாவுக்குச் சத்தம் கேக்குதாம்.”

“அப்ப அவற்ரை காதைக் கழட்டிப் பாரன்!”

லண்டனில் மகள் வா வா என்று எழுதிக்கொண்டிருந்தாள். பஞ்சலிங்கம் பதில் எழுதினார்: கார் முடியாமல் வர ஏலாது, ரேர்போவின் பெயரிங் இங்கே எடுக்க வழியில்லை. வழியில்லை என்பது உண்மை. தேவையில்லை என்பதை எழுதவில்லை. மகள் கெட்டிக்காரி, அதைவிட மோசம், பாசக்காரி. தொண்ணூற்று மூன்று சித்திரையில், கொழும்பிலிருந்து வந்த ஒரு கன்னியாஸ்திரி கைப்பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்துக் கொடுத்தார். உள்ளே எண்ணெய்க் கடதாசியில் சுற்றிய புதுப் பெயரிங். கூடவே ஒரு துண்டு: ‘அப்பா, இனி வாங்கோ.’

பெட்டியை இருவருக்கும் நடுவே வாங்கில் வைத்தார்கள். பஞ்சலிங்கம் அதைத் தொடவில்லை.

“அங்கத்தைச் சாமான் எல்லாம் ஒரே அளவிலை வராது. நீர் அளந்து பாரும்.”

நீக்கிலாப்பிள்ளை அளந்தார். எதிரே இருந்தவர் என்ன விடைக்குக் காத்திருக்கிறார் என்பது அவருக்குத் தெரியும். ஒரு சொல் போதும். ஆனால் முப்பது வருடம் படகு எஞ்சினோடு கிடந்தவர் அவர். அளவில் பொய் சொன்னால் கடலுக்குப் போன ஆள் திரும்பி வராது. வாய் வேறுவிதமாகப் பழகவில்லை.

“அளவு சரி ஐயா.”

“திருப்பி ஒருக்கா அளவும்.”

அளந்தார். “நூலளவும் பிசகில்லை.”

“வேறை ஒரு பிழையும் இல்லையோ?”

“இல்லை.”

“நல்லாப் பாத்தனீரோ?”

“எட்டு மாசமாப் பாத்தனான் ஐயா.”

பஞ்சலிங்கம் பெட்டியை அவர் பக்கம் தள்ளினார். பிறகு, “அப்ப பூட்டும்,” என்றார்.

ஆடியில் குடாநாட்டை விட்டுப் போக அவருக்குப் பாஸ் கிடைத்து, கிளாலியில் படகேறினார். காரை வாங்க ஆளில்லை. அது நீக்கிலாப்பிள்ளையின் வளவிலேயே நின்றது. கடைசி நாளும் நாலு மணிக்குத்தான் வந்தார். தேத்தண்ணி குடித்தார். “போட்டு வாறன்,” என்றார். “ஓம் ஐயா,” என்றார் இவர். ஒரு வருடத்துக்கு மேலாகத் தினம் சந்தித்த இரண்டு மனிதரின் பிரியாவிடை அவ்வளவுதான். எஞ்சினில் பிழை இருந்திருந்தால் இன்னும் கொஞ்சம் கதைத்திருப்பார்கள்.

அதன்பிறகு அந்த வளவில் சத்தமே இல்லை. கனிசியஸ்கூட எட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டார். மூன்றாம் மாதம் நீக்கிலாப்பிள்ளை கழுவிய கையோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“மாஸ்ரர், ஒரு கடிதம் எழுதித் தரவேணும். எஞ்சினியருக்குப் போறது, எழுத்து வடிவா இருக்கவேணும்.”

சொல்லச் சொல்ல எழுதினேன். ஐயாவுக்கு வணக்கம். புகைக் குழாய் எஞ்சினோடு சேருகிற இடத்தில் ஒரு வெடிப்புக் கண்டிருக்கிறேன். என்ன செய்யலாம்?

கடிதத்தை அனுப்பிய பிறகு, சும்மா ஒரு ஆவலில் போய்ப் பார்த்தேன். அந்த இரும்பைச் சுற்றி விரலால் தடவினேன். வெடிப்பு எதுவும் இல்லை. அவர் திருகாணிகளை நிறம்வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவில்லை.

பதில் வர ஐந்து மாதம் சென்றது. நாலு தாள், இரண்டு பக்கமும். எந்தச் சிலிண்டர் பக்கம்? குறுக்கேயா நெடுக்கேயா? சூட்டில் விரிகிறதா? நான் சொல்லும்வரை ஒட்டவேண்டாம். லண்டனில் குளிர், மகளும் மருமகனும் வேலைக்குப் போனால் பின்னேரம்தான் வருவார்கள். வெடிப்பின் நீளத்தை அளந்து மில்லிமீற்றரில் எழுதவும்.

அந்தக் கடைசி வரியில் நீக்கிலாப்பிள்ளை மாட்டிக்கொண்டார். மூன்று நாள் அவரைக் காணவில்லை. நாலாம் நாள் வந்து கதிரை நுனியில் இருந்தார்.

“மாஸ்ரர், ஆறு எண்டு போட்டால் பறவாயில்லை, விடும் எண்டு எழுதுவார். இருபது எண்டால் மாத்தச் சொல்லுவார். ரெண்டிலையும் கதை முடிஞ்சிடும்.”

“அப்ப என்ன போட?”

அவர் நெற்றியைத் துடைத்தார். கடலில் ஒருவரையும் கைவிடாத மனிதர், வேர்த்து ஒழுகிக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பொய் அளவைச் சொன்னார்.

“பதினொண்டு,” என்றார். நான் எழுதி முடிக்கும்வரை பார்த்திருந்துவிட்டு, “வளருது எண்டும் போடுங்கோ,” என்றார்.