நான் மரியாதையாகப் பேசும் நாட்கள்

நான் கார் ஓட்டக் கற்றுக் கொடுப்பவன். வேலை மாமல்லபுரத்தில், கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு டிரைவிங் ஸ்கூலில். வீடு செங்கல்பட்டில். காலையில் பைக்கை எடுத்தால் திருக்கழுக்குன்றம் வழியாக வந்து சேர்ந்து, முதல் வகுப்புக்கு முன்னால் நிதானமாக ஒரு டீ குடிக்கலாம். அந்த டீக்கடை பெஞ்சில்தான் என் வினை ஆரம்பித்தது. அதைச் சொல்வதற்கு முன் என் வாயைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கற்றுக்கொள்ள வருகிறவர்களை ஓயாமல் திட்டுவேன். வயது, படிப்பு, பதவி எதையும் பார்ப்பதில்லை. பெரிய ஐ.டி. கம்பெனி மேனேஜரைக்கூட, கிளட்ச்சை ஏன் தையல் மிஷின் மாதிரி மிதிக்கிறாய் என்று கேட்டிருக்கிறேன். முதலாளியிடம் புகார் போகும். புகார் சொன்னவர்களே அடுத்த மாதம் தங்கை, மச்சான் என்று யாரையாவது கூட்டிவந்து என் வண்டியில்தான் சேர்ப்பார்கள். எங்கள் பக்கத்தில் ஒருவன் திட்டுகிறான் என்றால் கவனமாக இருக்கிறான் என்று அர்த்தம். டிரைவிங் ஸ்கூல் காரில் இடது பக்கத்து ஆளுக்கும் ஒரு பிரேக் இருக்கும். வாய் திட்டிக்கொண்டிருக்கும்போது என் கால் அந்த பிரேக்கின் மேலேயே இருக்கும். இரண்டும் சேர்ந்துதான் வேலை செய்யும் என்பது எனக்கே அப்போது தெரியாது.

எங்கள் தொழிலில் பாதி நேரம் காத்திருப்புதான். ஆள் வர வேண்டும், ஆர்.டி.ஓ. மைதானத்தில் முறை வர வேண்டும், இன்ஸ்பெக்டர் டீ குடித்துவிட்டு வர வேண்டும். அந்தக் காத்திருப்புக்கு வசதியாக செல்போனில் ரம்மி வந்து சேர்ந்தது. முதலில் சும்மா விளையாட்டு. பிறகு கொஞ்சம் பணம் வைத்து. பிறகு கொஞ்சம் என்ற சொல் தேய்ந்துபோனது. எவ்வளவு போனது என்று எழுதப் போவதில்லை. எழுதினால் படிக்கிறவர்கள் அதை மட்டும்தான் பார்ப்பார்கள், ஆளைப் பார்க்க மாட்டார்கள்.

ஜெயித்தால் சந்தோஷம் வரும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். எனக்கு வந்தது படபடப்பு. வந்ததை வைத்துக்கொள்ளவும் முடியாது, எழுந்து போகவும் முடியாது. தோற்றால் விட்டதைப் பிடிக்க வேண்டும் என்ற அரிப்பு. ஆனால் ஒன்று, கோபம் மட்டும் வராது. டீக்கடையில் என்னோடு விளையாடும் வேன் டிரைவர் தோற்றால் போனைத் திட்டுவான், பெஞ்சை உதைப்பான், எதிரில் வருகிறவனை முறைப்பான். நான் அமைதியாக போனைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புவேன். அதில் எனக்குப் பெருமை வேறு. சூதாடி என்றால் அவன்தான், நான் நிதானமானவன், எப்போது வேண்டுமானாலும் நிறுத்திவிடுவேன் என்று முழுதாக நம்பினேன்.

என் மனைவிதான் முதலில் கண்டுபிடித்தாள். நான் செல்போனில் ஆடுவது அவளுக்குத் தெரியும், பணம் போவதுதான் தெரியாது. அவள் என் மாமன் மகள். சின்ன வயதிலிருந்து என் வாயில் திட்டு வாங்கி வளர்ந்தவள், திருப்பிக் கொடுக்கவும் தெரிந்தவள். தோற்றுவிட்டு வந்த ஒரு சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தபோது, சாம்பார் நன்றாக இருக்கிறதம்மா என்று சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"எவ்ளோ மாமா போச்சு?"

எனக்குச் சுருக்கென்றது. நல்லபடியாகப் பேசினால் அதற்கும் ஒரு குற்றமா என்று கேட்டேன். கேட்டதுகூட மெதுவாக, மரியாதையாகத்தான். அவள் அதற்கு மேல் சாம்பார் ஊற்றவில்லை.

அந்த நாட்களில் என்னிடம் ஓர் அம்மா கற்றுக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். கணவர் அணு ஆராய்ச்சி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர்கள். கணவருக்குக் கண் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. சிகிச்சைக்குச் செங்கல்பட்டுக்கு அடிக்கடி போக வேண்டும், பிள்ளைகள் வெளிநாட்டில். வீட்டில் கார் இருக்கிறது, ஓட்டத்தான் ஆள் இல்லை. அதனால் அந்த வயதில் ஸ்டியரிங்கைப் பிடித்தார். பயந்த சுபாவம். பயம் வருவதற்கு முன்பே அவர் கட்டைவிரல் ஸ்டியரிங்கின் மேல் ஏறி நின்றுவிடும். அதைப் பார்த்தால் போதும், நான் பிரேக்கைத் தொட்டுவிடுவேன்.

ஒருநாள் காலை அவருக்காகக் காத்திருந்தபோது பெஞ்சில் உட்கார்ந்து விளையாடினேன், தோற்றேன். நிறையவே தோற்றேன். அவர் வந்ததும் வண்டியில் ஏறி, போனைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். மாமல்லபுரத்திலிருந்து வடக்கே போனோம். அவர் மூன்றாம் கியரிலேயே முக்கிக்கொண்டு ஓட்டினார். பரவாயில்லைம்மா, பொறுமையாகப் போங்கள் என்றேன். நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையைத் தாண்டும்போது லாரிக்கு மிக நெருக்கத்தில் போனார். பார்த்துப் போங்கம்மா என்றேன். குரல் என்னுடையதுதான், நான் அங்கே இல்லை. காலை ஆட்டத்தில் அந்த ஸ்பேடு ராணியைக் கீழே போடாமல் வைத்திருந்தால், அடுத்த சீட்டில் முடித்திருக்கலாம். அதையே திரும்பத் திரும்ப ஆடிக்கொண்டிருந்தேன். போனை மூடினால் ஆட்டம் முடிந்துவிடும் என்றுதானே நினைத்திருந்தேன்.

திருவிடந்தை கோயில் திருப்பத்துக்கு அப்பால் யூ டர்ன் எடுக்க வேண்டும். நடுத்திட்டின் இடைவெளியில் வண்டி திரும்பியது. எதிர்ப்பக்கத்தில் ஒரு டூரிஸ்ட் வேன் வந்தது, வந்த வேகத்தில் நிற்கிற மாதிரி இல்லை. எங்கள் கார் மெல்ல அதன் பாதைக்குள் ஊர்ந்துகொண்டிருந்தது. நான் பிரேக்கை மிதித்தேன். மிதித்தேன் என்று நினைத்தேன். என் கால் தரை விரிப்பின் மேல் இருந்தது.

கார் நின்றது. நிறுத்தியவர் அந்த அம்மா. வேன் ஹாரனை அலறவிட்டுக்கொண்டு முகப்புக்கு முன்னால் போனது, காருக்குள் இருந்த தண்ணீர் பாட்டில் உருண்டு என் காலில் வந்து இடித்தது. இன்ஜின் அணைந்துபோயிருந்தது. நன்றாகப் பிடித்தீர்கள் பிரேக்கை என்று பாராட்டினேன்.

அவர் சாலையைப் பார்த்தபடியே பேசினார்.

"நெம்மேலியிலேயே எனக்குத் தெரிஞ்சு போச்சு சார். நீங்க இன்னைக்குத் திட்டவே இல்லை. திட்டினாத்தான் உங்க கால் பிரேக்ல இருக்கும். இன்னைக்கு நான் தனியாத்தான் ஓட்டுறேன்னு நினைச்சுக்கிட்டேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது. எனக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஊரில் இருப்பவர்களின் கட்டைவிரலை எல்லாம் நான் பார்த்துக்கொண்டிருக்க, என் குரலை ஊரே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

அன்றோடு நிறுத்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். எழுதினால் பொய். அன்று மதியமே ஆர்.டி.ஓ. மைதானத்தில் போனைத் திறந்தேன். காலையில் பிழைத்த ஆள், இன்று நேரம் நன்றாக இருக்கிறது என்று மனம் கணக்குப் போட்டது. அதைவிட ஈனமான கணக்கு ஒன்றை நான் போட்டதில்லை. சீட்டுகள் வந்து விழுந்துகொண்டிருந்தபோது யாரோ பக்கத்தில் வந்து, முறை எப்போது வரும் என்று கேட்டார்கள். "கொஞ்சம் இருங்க, வந்துடும்" என்று கனிவாகச் சொன்னேன். சொன்ன குரல் என் காதில் விழுந்தது. அது வரைக்கும் அது என் காதில் விழுந்ததே இல்லை. கண்ணாடியில் வேறு ஆளின் முகத்தைப் பார்த்தது போல் இருந்தது. ஆட்டத்தைப் பாதியில் விட்டேன். பாதியில் விட்டால் தோற்றதாகத்தான் கணக்கு. தோற்கட்டும் என்று விட்டேன்.

அன்று சாயங்காலம் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேனைப் பற்றிச் சொன்னபோது அழுதாள், பணத்தைப் பற்றிச் சொன்னபோது திட்டினாள். அவளே போனை வாங்கி அந்த ரம்மி ஆப்பை அழித்தாள். அழித்தால் திரும்ப இறக்கவா தெரியாது என்று இருவருக்கும் தெரியும். அதனால் பகலில் அவ்வப்போது கூப்பிடுவதாகச் சொன்னாள். எங்கே இருக்கிறாய், விளையாடுகிறாயா என்றெல்லாம் கேட்க மாட்டாள். நான் போனை எடுத்து "இன்னாடி" என்று கத்தினால், ஒன்றுமில்லை என்று வைத்துவிடுவாள்.

அந்த அம்மா டெஸ்டில் பாஸானார். முதல்முறை கணவரைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும்போது, பக்கத்தில் உட்கார்ந்து வர முடியுமா என்று கேட்டார். அவர்களுடைய சொந்தக் கார், என் பக்கத்தில் பிரேக் இல்லை. என் கால் வழியெல்லாம் அதைத் தேடியது. அதற்கும் சேர்த்துத் திட்டி, வாயால் பிரேக் போட்டுக்கொண்டு வந்தேன். பின் சீட்டில் கணவர் கறுப்புக் கண்ணாடியோடு சிரித்துக்கொண்டே வந்தார். அந்த அம்மாவின் கட்டைவிரல் ஒருமுறைகூட மேலே ஏறவில்லை.

அவர்கள் உள்ளே போனார்கள். நான் ஆஸ்பத்திரி வாசல் வேப்பமரத்தடியில் காத்திருந்தேன். மறுபடியும் காத்திருப்பு. பக்கத்து பெஞ்சில் ஒருவர் போனில் ஆடிக்கொண்டிருந்தார். சீட்டு கலைக்கும் அந்தச் சின்னச் சத்தம் கேட்டது. நான் ஒன்றும் செய்யவில்லை, போனை வெறுமனே கையில் எடுத்தேன். அந்த ஆப் இன்னும் ஸ்டோரில் இருக்கிறதா என்று பார்க்கலாம், பார்ப்பதில் என்ன என்று தோன்றியது. இறக்குவதற்கான பட்டன் வரைக்கும் போய்விட்டேன்.

அப்போது மனைவி கூப்பிட்டாள்.

"சொல்லும்மா," என்றேன்.

அந்த மரியாதைக் குரல் இந்த முறை அவளுக்குக் கேட்ட அதே நேரத்தில் எனக்கும் கேட்டிருந்தது.

"எங்க கீற மாமா?" என்றாள்.

ஆஸ்பத்திரி வாசலில் என்றேன்.

"அங்கியே இரு. நான் வந்துகினு கீறேன்."

வழக்கமாக எதற்கு வருகிறாய் என்று கத்தியிருப்பேன். அன்று, சீக்கிரம் வா என்றேன்.