ஜூன் ஒன்றாம் தேதி பிறக்காத அக்கா

ஒரு ஃபைலை எப்படித் தூங்க வைப்பது என்று எனக்குத் தெரியும். டெல்லியில் ஓர் அமைச்சகத்தில் முப்பத்து நான்கு வருஷம் அந்த வேலையைச் செய்து ஓய்வு பெற்றவள் நான். வேண்டாம் என்று எழுதினால் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதினால் யாராவது கோர்ட்டுக்குப் போவார்கள். ஓரத்தில் 'பேசவும்' என்று ஒரே ஒரு வார்த்தை எழுதிவிட்டால் போதும், ஃபைல் ஒரு மாதம் கிடப்பில் கிடக்கும். யார் யாரோடு எதைப் பேச வேண்டும் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். எத்தனையோ பேருடைய பதவி உயர்வையும் இட மாற்றத்தையும் அப்படி ஆறப்போட்டிருக்கிறேன். அதில் ஒருவருடைய முகம்கூட எனக்கு ஞாபகம் இல்லை. அதனால் என் அக்காவுக்கு நடந்தது புரியவில்லை என்று நான் சொல்ல முடியாது. ஆரம்பத்திலிருந்தே புரிந்தது. புரிந்ததால்தான் இத்தனை ஆத்திரம்.

அக்கா வடக்கே ஒரு மாநிலத்தில் உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தாள். உச்ச நீதிமன்றத்தில் காலியாக இருந்த இரண்டு இடங்களில் ஒன்றுக்கு மூத்த நீதிபதிகள் ஐந்து பேர் கூடி அவள் பெயரைப் பரிந்துரைத்தார்கள். அத்தோடு முடிந்துவிடாது. பெயர் அரசாங்கத்துக்குப் போய், அங்கே சம்மதித்து, உத்தரவு வந்த பிறகுதான் பதவிப் பிரமாணம். இத்தனை நாளுக்குள் சம்மதிக்க வேண்டும் என்று கெடு கிடையாது. கெடு அக்காவுக்குத்தான் இருந்தது. உயர் நீதிமன்ற நீதிபதிக்கு அறுபத்திரண்டு வயதில் ஓய்வு, உச்ச நீதிமன்றத்தில் அறுபத்தைந்து. பெயர் போனது மார்ச் மாதம். சான்றிதழ்ப்படி அக்காவுக்கு ஜூன் ஒன்றாம் தேதி அறுபத்திரண்டு. மே முடிவதற்குள் உத்தரவு வந்தால் இன்னும் மூன்று வருஷம், நாட்டின் மிகப் பெரிய கோர்ட்டில். வராவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

பரிந்துரை வெளியான அன்று மாலையே மயூர் விஹாரில் என் ஃப்ளாட்டுக்குக் கூட்டம் வர ஆரம்பித்தது. அக்கா இருந்தது வேறு ஊரில். ஆனால் டெல்லியில் தங்கை இருக்கிறாளே, அது போதாதா? என் கணவர் இறந்தபோது படியேறி வராதவர்கள் எல்லாம் லட்டுப் பெட்டியோடு வந்தார்கள். எங்கள் சொஸைட்டி செக்ரட்டரி, குளியலறை ஒழுகலுக்காக என்னோடு ஒரு வருஷம் சண்டை போட்டவர், வாசலில் நின்று "பதாயி ஹோ தீதி" என்று வாழ்த்திப் பல்லைக் காட்டினார். மறுநாளே பிளம்பர் வந்தான். இவர்கள் எல்லோரையும் உட்கார வைத்துக் காபி கொடுப்பதற்காக ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு இரண்டு தடவை போய் ஃபில்டர் காபிப் பொடி வாங்கி வந்தேன். எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் ஃபைலைத் தூக்கிக்கொண்டு நின்றவளுக்கு, நீதிபதியின் தங்கை என்ற பெயர் தித்தித்தது.

அந்த வாரம் ஜனக்புரியிலிருந்து ஒரு வக்கீல் மனைவியோடு வந்தார். நம் ஊர்க்காரர்தான், அந்தப் பெரிய கோர்ட்டில் பல வருஷமாகத் தொழில் செய்கிறவர். எந்த மாநிலத்துக்கு எத்தனை இடம், எந்த ஜாதிக்கு எத்தனை, யார் யாருக்கு ஆள், யார் யாருக்கு ஆகாது என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில். கல்யாணத் தரகர் ஜாதகக் கட்டைப் பிரிப்பது மாதிரி ஒவ்வொரு நீதிபதியையும் பிரித்து வைத்தார். அக்கா ஒரு நிலம் கையகப்படுத்தும் வழக்கில் அரசாங்கத்துக்கு எதிராக எழுதிய தீர்ப்பை மேலே சிலர் மறக்கவில்லை என்றார். இழுத்தடித்தே மே மாதத்தைக் கடத்திவிடுவார்கள் என்று பயமாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் வயது மிச்சம் இருந்திருந்தால் கவலையே இல்லை என்று உச்சுக் கொட்டினார்.

நான் அப்போது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே சொன்னேன்.

உண்மையில் அக்கா பிறந்தது மாசி மாதம், சான்றிதழில் இருப்பதற்கு ஒன்பது மாதம் கழித்து. நாலேகால் வயதில் அவளைப் பள்ளிக்கூடத்தில் தள்ளிவிட வேண்டும் என்று அப்பாவுக்கு அவசரம். ஐந்து வயது ஆனதற்கு அந்தக் காலத்தில் ஒரே அத்தாட்சி, வலது கையைத் தலைக்கு மேலே சுற்றி இடது காதைத் தொட வேண்டும். அக்காவுக்கு ஒரு விரற்கடை எட்டவில்லை. அப்பா பின்னால் நின்று அவள் தலையைக் கை இருந்த பக்கமாகச் சாய்த்துவிட்டார். காது எட்டியது. ஹெட்மாஸ்டர் சிரித்துவிட்டு ஜூன் ஒன்று என்று எழுதிக்கொண்டார். எங்கள் ஊரில் அந்தத் தலைமுறையில் பாதிப் பேர் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள்தான். வக்கீல் தொடையில் தட்டிச் சிரித்தார். தானும் அப்படி ஒரு ஜூன் ஆசாமிதான் என்றார். இன்னொரு காபி கேட்டு வாங்கிக் குடித்தார்.

ஏப்ரலில் உத்தரவு வந்தது. சேர்ந்து போன இரண்டு பெயர்களில் ஒன்றுக்கு மட்டும். உத்தரவு கிடைத்தவர் அக்காவைவிட ஜூனியர். அக்காவின் பெயரைப் பற்றி ஏதும் இல்லை. மறுப்பும் இல்லை, காரணமும் இல்லை.

பத்து நாள் கழித்து அக்காவுக்கு ஒரு கடிதம் வந்தது. அவள்மீது புகார் வந்திருக்கிறதாம், அதைப் பற்றி அவளுடைய பதில் தேவையாம். புகார் ஒரு மொட்டைக் கடுதாசி. பொய்யான பிறந்த தேதி காட்டிப் படித்து, அதை வைத்தே இத்தனை காலமும் பதவி வகித்தவர் இந்த நாட்டின் உயர்ந்த நாற்காலியில் உட்காரலாமா என்று கேட்டிருந்தது. மேலிடத்துக் கடிதங்களுக்குப் பதில் எழுதுவதில் நான் கெட்டிக்காரி என்பதால் அக்கா அதை ஃபோனில் படம் எடுத்து அனுப்பினாள். மூன்றாவது பத்தியில், தகப்பனாரே குழந்தையின் தலையைச் சாய்த்துக் காதைத் தொட வைத்தார் என்று இருந்தது. நான் சொன்ன வாக்கியம்தான், இங்கிலீஷில் டைப் அடித்திருந்தார்கள்.

அந்தப் பொய்த் தேதியால் அக்காவுக்கு ஒன்பது மாதம் நஷ்டம்தானே தவிர லாபம் ஒன்றுமில்லை. உண்மைத் தேதி ஏறியிருந்தால் அடுத்த வருஷம் வரைக்கும் அவளை அசைத்திருக்க முடியாது. மூளை இருக்கிற எவனுக்கும் இது விளங்கும். ஆனால் மொட்டைக் கடுதாசிக்கு அர்த்தம் வேண்டியதில்லை. ஃபைலை நிறுத்தி வைக்க ஒரு சாக்கு வேண்டும், அவ்வளவுதான்.

வக்கீலுக்கு ஃபோன் செய்தேன். தான் அப்படிச் செய்வேனா என்று கேட்டார். "நாமெல்லாம் தமிழங்க மேடம். நம்மாளுக்கு நாமே குழி பறிப்போமா?" என்றார். அக்காவுக்கு அடுத்து அந்த இடத்துக்குக் காத்திருந்த நீதிபதி, இந்த வக்கீல் தொழில் பழகிய பழைய சீனியர் என்று அப்போதே பலருக்குத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரிந்திருக்கவில்லை. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே ஃபோனை வைத்துவிட்டேன். அந்தக் குரலை இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்தச் சனிக்கிழமை அக்கா டெல்லிக்கு வந்தாள். அவள் வருவதற்குள் பதிலைத் தயார் செய்து வைத்திருந்தேன். இரண்டே வரி. 'என் பள்ளிச் சான்றிதழில் உள்ளதே என் பிறந்த தேதியாகப் பதிவாகியிருக்கிறது. வேறு எந்தத் தேதியும் எந்த ஆவணத்திலும் இல்லை.' இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அப்பாவும் இல்லை, ஹெட்மாஸ்டரும் இல்லை, பிறப்பைப் பதிவு செய்கிற வழக்கம் அந்த ஊரில் அன்றைக்கு இல்லை. இது போனால் புகாரை மூடித்தான் ஆக வேண்டும், ஃபைல் நகர்ந்தாக வேண்டும். என் சர்வீஸிலேயே நான் எழுதிய மிக நல்ல டிராஃப்ட் அதுதான்.

அக்கா சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். இரண்டு வரியைப் படிக்க அத்தனை நேரம் எடுத்துக்கொண்டாள்.

"பொய் இல்லட்டி. ஆனா பொய் சொல்லுதவங்க எழுதுத மாதிரி இருக்கு," என்றாள்.

பிறகு ஒரு பஸ் டிரைவரைப் பற்றிச் சொன்னாள். அவள் நீதிபதியான புதிதில் அவளிடம் வந்த வழக்கு. ஓய்வு பெற ஆறு மாதம் இருக்கும்போது, சான்றிதழில் இருக்கிற தேதி தப்பு, வாத்தியார் போட்ட தேதி, தனக்கு இன்னும் ஒன்றரை வருஷ சர்வீஸ் இருக்கிறது என்று அவர் மனு போட்டிருந்தார். வேலையின் கடைசிக் காலத்தில் தேதியை மாற்றக் கூடாது என்பது சட்டம். அக்கா தள்ளுபடி செய்துவிட்டாள். அவர் சொன்னது உண்மை என்று அவளுக்கு அப்போதே தெரியுமாம். அவர் சொன்ன கதை அப்படியே நம் வீட்டுக் கதை என்றாள். காகிதத்தைக் காட்டி அவரை வீட்டுக்கு அனுப்பியவள், இப்போது அதே காகிதத்துக்குப் பின்னால் தான் ஒளிந்துகொள்ள மாட்டாளாம்.

என் பேனாவையே வாங்கி, என் டிராஃப்டின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். இந்தத் தேதி என் தந்தை கொடுத்தது, இது சரியான தேதி அல்ல என்று சிறு வயதிலிருந்தே எனக்குத் தெரியும், இதை வைத்தே வேலைக்கு வந்தேன், இதை வைத்தே ஓய்வு பெறுகிறேன், வேறு தேதி எதையும் நான் கோரவில்லை. இந்த ரீதியில் போனது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கத்தினேன். இதற்கா முப்பது வருஷம் ராப்பகலாக உழைத்தாய் என்று கேட்டேன். இதை அனுப்பினால் அவர்கள் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, விசாரிக்கிறோம் விசாரிக்கிறோம் என்று மே மாதத்தைத் தாண்ட வைப்பார்கள் என்றேன். எப்படிச் செய்வார்கள், எந்த மேஜையில் எத்தனை நாள் வைப்பார்கள் என்றுகூடச் சொன்னேன். அவள் தலை நிமிரவில்லை.

"நான் உளறினதுக்கு நீ ஏன்க்கா சாகணும்?" என்று கடைசியில் வந்துவிட்டது. வக்கீலிடம் சொன்னதை எல்லாம் அழுதுகொண்டே கொட்டினேன்.

அக்கா எழுதி முடித்து, கையெழுத்துப் போட்டு, கவர் இருக்கிறதா என்று கேட்டாள்.

நான் சொன்னபடியே நடந்தது, ஒரு மேஜைகூடத் தப்பவில்லை. புகாரை ஆராய்ந்துகொண்டிருக்கும்போதே மே முடிந்தது. ஜூலையில் அந்த இடத்துக்கு வக்கீலின் சீனியர் வந்தார். பதவியேற்பு விருந்தில் வக்கீல் பூங்கொத்தோடு நிற்கிற படம் வாட்ஸ்அப்பில் எல்லா குரூப்பிலும் சுற்றியது. என் வீட்டில் லட்டுத் தின்றவர்கள்தான் அதை அனுப்பினார்கள், கைகூப்பிய பொம்மையோடு. ஒவ்வொரு குரூப்பாக வெளியே வந்தேன்.

அன்றைக்கு அக்காவுக்கு ஃபோன் செய்தேன். அவள் ஓய்வு பெற்றுத் திருநெல்வேலிக்குப் போயிருந்தாள். எத்தனையோ வாரம் அதைப் பற்றிப் பேசாமல் இருந்தோம். அந்த ஆளிடம் வாயைக் கொடுத்ததற்கு என்னை மன்னித்துவிடு என்றேன்.

"அதை அன்னைக்கே விட்டுட்டேன்ட்டி," என்றாள். "சந்தோசத்துல வாய் தவறிட்டு. யாருக்கும் வாரதுதான். ஆனா அந்த ரெண்டு வரியை நீ நிதானமா உக்காந்து எழுதியிருந்தே. நான் அதுல கையெழுத்துப் போட்டிருவேன்னு நெனச்சுத்தானே எழுதினே. அதைத்தான் என்னால மறக்க முடியல."

இன்றைக்கு எழுதச் சொன்னாலும் அந்த இரண்டு வரியில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன். இதை அவளிடம் நான் எப்படிச் சொல்வது?