இரண்டு சில்லுகளின் சண்டை

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் என் முனைவர் பட்டம் ஒரு கண்ணாடித் துண்டில் சிக்கிக்கொண்டது. மைக்ரோஅரே சில்லு என்று அதற்குப் பெயர். அதில் ஆயிரக்கணக்கான புள்ளிகள், புள்ளிக்கு ஒரு மரபணு. ரத்தத்தில் எந்த மரபணு எவ்வளவு மும்முரமாக இருக்கிறது என்பதைப் புள்ளியின் வெளிச்சம் காட்டிக்கொடுத்துவிடும்.

உடம்புக்குள் உலோகம் புகுந்தால் விழித்துக்கொள்ளும் மரபணு ஒன்று உண்டு. தோல் பதனிட உலோக உப்பு சேர்க்கும் டேனரிகளின் தொழிலாளர்களிடம் அது எப்படி இருக்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. பாகாயத்தில் எங்கள் ஆய்வகச் சில்லு, இறங்கியிருக்கிறது என்றது. கீழ்த்தளத்து ஆய்வகத்தின் வேறு கம்பெனிச் சில்லு, அதே ரத்தத்தைப் பார்த்து ஏறியிருக்கிறது என்றது.

எது சரி என்று தெரியாமல் ஆய்வேட்டில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார் என் நெறியாளர். கீழ்த்தளத்துப் பேராசிரியரோ எங்கள் சில்லைச் சில்லு என்றே ஒப்புக்கொள்ளவில்லை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்த மத்தளம் நான். புள்ளிகளை ஒளிரவைக்கும் சாயத்தைக் குறை சொன்னார்கள், அதைப் படிக்கும் ஸ்கேனரைக் குறை சொன்னார்கள், அதுவும் அலுத்தபின் என்னைச் சொன்னார்கள். சாயங்காலம் ஆம்பூரில் ரயிலை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்தால் அம்மாவும் விடமாட்டாள்.

"இன்னாடி, உன் மிஷினுங்க சண்டை தீந்துச்சா?"

ஏறியது இறங்கியது என்றால், யாரைவிட என்று ஒரு கேள்வி இருக்கிறது. டேனரிப் பக்கமே போகாத, ஆரோக்கியமானவர்களின் ரத்தத்தோடு ஒப்பிட வேண்டும். அதற்கு எனக்குக் கைவசம் இருந்தது எங்கள் தெரு. ஆசிரியர்களும் ஆபீஸ்காரர்களும் நிறைந்த, தன்னைப் பற்றி நல்ல அபிப்பிராயம் உள்ள தெரு. ஞாயிறு ஆராதனை முடிந்து வந்தவர்களை எங்கள் கூடத்தில் உட்காரவைத்து, ஓய்வுபெற்ற நர்ஸான அம்மாவே ரத்தம் எடுத்தாள். ஆளுக்கொரு காபியும் கொடுத்தாள். கீழ்த்தளத்தார் இவ்வளவு சிரமப்படவில்லை. வெளியூரிலிருந்து புதிதாக விடுதிக்கு வந்திருந்த மாணவர்களைப் பிடித்துக்கொண்டார்கள்.

அம்மாவின் காபிக்குத் தெருவில் பெயர் உண்டு. ஊர்க் கிணறுகள் பெரும்பாலும் டேனரிக் கழிவு இறங்கி உப்பாகிப் போயிருந்தன. எங்கள் கிணறு மட்டும் கரிக்கவில்லை. தெருவே வந்து குடிக்கத் தண்ணீர் இறைத்துக்கொண்டு போகும். அது கர்த்தர் கொடுத்த ஆசீர்வாதம் என்பது அம்மாவின் கட்சி. டேனரிக்காரர்கள் குடியிருப்புக்கு வெளியூரிலிருந்து லாரியில்தான் தண்ணீர் வரும். "பாவம், லாரித் தண்ணியக் குடிக்குதுங்க" என்று அவர்களுக்காக உருகுவாள்.

மாதக்கணக்கில் அடிபட்டபின், எரிச்சலில் ஒன்று சொன்னேன். எங்கள் தெரு ரத்தத்தை அவர்கள் சில்லிலும், மாணவர் ரத்தத்தை எங்கள் சில்லிலும் போட்டுப் பார்த்தால் என்ன? போட்டோம். ஜென்மப் பகையாளிகள் இரண்டும் ஒரே குரலில் பேசின. மாணவர்கள் கீழே. தொழிலாளர்கள் அவர்களுக்கு மேலே. எல்லாருக்கும் மேலே எங்கள் தெரு.

பேராசிரியர்கள் இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். இரண்டு தொழில்நுட்பங்களும் எவ்வளவு அழகாக ஒத்துப்போகின்றன என்று உடனே கட்டுரை எழுதவும் உட்கார்ந்துவிட்டார்கள். நான் என் நெறியாளர் மேசைக்குப் போனேன்.

"சார், எங்க தெருவுக்கு ஏன் இவ்ளோ ஜாஸ்தி? கெணத்துத் தண்ணியா இருக்குமோ? உலோகம் நாக்குக்குத் தெரியாதே."

"இருக்கலாம். வியாதின்னு சொல்ல முடியாது, உடம்பு எதையோ கவனிச்சிருக்கு, அவ்ளோதான்" என்றார் நெறியாளர், கையெழுத்துப் போட்டபடியே. "தண்ணி வேற ஆராய்ச்சிம்மா. அதுக்கு வேற கிராண்ட் பணம் வாங்கணும்."

அன்று வீட்டுக்குப் போனபோது கிணற்றடியில் நாலைந்து குடங்கள் காத்திருந்தன. அம்மா காபியோடு வந்தாள்.

"தீந்துச்சா?"

"தீந்துச்சும்மா. ரெண்டுமே சரியாத்தான் சொல்லியிருக்குது."

"நான் சொல்லல? நம்ம ஆளுங்க குடுத்த ரத்தமாச்சே."

டம்ளரை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தேன். அம்மாவின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

"அம்மா, இனிமே நாமளும் லாரித் தண்ணியே வாங்கிக்கலாம்மா."

அம்மா சிரித்துவிட்டாள்.

"இன்னாத்துக்கு? நாம இன்னா டேனரிக்காரங்களா?"